இலைக்கு எவ்வளவு?

என் அக்காவின் பெரிய மகள் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. அண்டா, குண்டான், கரண்டி, ஜல்லடை என்று ஒரு மண்டபத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் அடுக்கியிருக்கும். புதுச்சேரியில் பாதி மண்டபங்களின் சமையற்கட்டில் என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் உப்பு ஜாடியை எடுத்துவிடுவேன். பந்திப் பக்கம்தான் எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் போய், கூடப் பிறந்தவள் வீட்டு விசேஷத்தில், யாரோ வைத்த சாம்பாரை யாரோ ஊற்ற, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டேன்.

சாம்பார் சுமார்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு மேலே எழுத முடியாது.

எங்கள் தொழிலில் வந்து கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இலைக்கு எவ்வளவு? ஓர் இலை என்றால் ஓர் ஆள் சாப்பாடு. நான் சொல்லும் விலைக்குள் மளிகை, காய்கறி, கேஸ், வாழை இலை, தண்ணீர், சமைக்கிற கூலி, பரிமாறுகிற கூலி, வண்டி வாடகை, வெற்றிலை பாக்கு, கை துடைக்கிற பேப்பர் வரை அடங்கிவிடும். பாயசம் இரண்டாம் முறை கேட்டால் இரண்டாம் முறை. பந்தி எடுக்கும்போது பெண் வீட்டு ஆள் ஒருவரும் எங்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து நின்று இலையை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. சண்டை வந்தால் எண்ணிக்கையில்தான் வரும். விலையில் வந்ததில்லை.

அக்கா மகளுக்கு நிச்சயமானதுமே நான் அந்த வைகாசி முகூர்த்தத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அக்கா என்னைக் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். பத்திரிகை அடிக்கிற சமயத்தில் ஒரு நாள் முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன இனிப்பு போடலாம் என்று பேசத்தான் போனேன்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் கத்தரிக்காய் வாங்கினாலும் பேரம் பேசாமல் வாங்க மாட்டார். பேரத்தில் ஜெயித்தால்தான் அவருக்கு அந்தக் கத்தரிக்காய் இறங்கும்.

"இலைக்கு எவ்ளோம்மா போடுற?" என்றார்.

"உங்களுக்குன்னு பாத்து முந்நூத்தி இருவது மாமா. எல்லாம் சேத்து."

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். புதிதாக வந்திருந்த ஒரு கேட்டரிங் கம்பெனியின் விளம்பரம். "இவங்க நூத்தித் தொண்ணூறு சொல்றாங்க."

அந்த விலையில் மளிகை வாங்கினால் ஆள் வைக்க முடியாது, ஆள் வைத்தால் மளிகை வாங்க முடியாது. போனை வாங்கிக் கீழே தள்ளிப் பார்த்தேன். பொடி எழுத்தில் வரிசையாக வந்தது. தண்ணீர் தனி. பரிமாறும் ஆட்கள் தனி, அதுவும் தலைக்கு இவ்வளவு. பாத்திரம் இறக்கி ஏற்ற மாடிக்கு ஒரு விலை, தரைக்கு ஒரு விலை. தோசைக் கவுண்டர் தனி. சுத்தம் செய்வது தனி. இதற்கெல்லாம் மேலே வரி.

"மாமா, இதையெல்லாம் கூட்டிப் பாருங்க. என்னுதவிட ஜாஸ்தி வரும்."

"அதெல்லாம் வேணும்னா வெச்சிக்கலாம், வேணாம்னா வுட்டுடலாம்மா. உன்கிட்ட எத வுட முடியும் சொல்லு? மொத்தமா ஒரு வெல சொல்லிட்டா நான் எங்க போயி கொறைக்கிறது?"

இத்தனை வருடத்தில் ஒரே விலை சொல்வதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அட்வான்ஸ் கட்டிட்டாருடி" என்றாள். இனிப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று முதல் பந்தி சம்பந்திப் பந்தி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் உட்காருவார்கள், பெண்ணின் அப்பா ஒவ்வோர் இலையாகப் போய், நல்லா சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க என்று விசாரிக்க வேண்டும். மாமாவும் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு விசாரித்து வந்தார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். கம்பெனியின் சூப்பர்வைசர் கையில் டேப்லெட்டோடு அவர் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகப் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"சார், சம்பந்திங்களுக்கு வாட்டர் பாட்டில் வெச்சிடலாமா? எக்ஸ்ட்ரா வரும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மாமா, "வைங்க, வைங்க" என்றார்.

"கூட்டம் ஜாஸ்தி சார். சர்வீசுக்கு இன்னும் ஆளு எறக்கலாமா?"

"எறக்குங்க."

"ஐஸ்கிரீம் மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டுமா சார், எல்லாருக்குமா?"

மாமா சம்பந்தி வரிசையை ஒரு தரம் பார்த்தார். "எல்லாருக்கும்."

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சொன்ன மனிதர் இவர். மகளைக் கட்டிக்கொடுத்துச் சற்று நேரம்கூட ஆகவில்லை. சம்பந்தி இலைக்கு முன்னால் இருக்கிறார். இப்போது வந்து தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் உலகத்தில் எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? இது தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துக் கேட்கிறார்கள். எழுந்து போய் அந்த டேப்லெட்டைப் பிடுங்கிப் பாயசத்தில் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுவீடு முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், மாமா புலம்புவதைக் கேட்கத்தான் போனேன். பில்லை வாங்கிக் கூட்டி, இலையால் வகுத்துப் பார்த்தேன். இலைக்கு முந்நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. மாமாவோ புலம்பவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"ஐஸ்கிரீம்ல பாதிய கொறைக்க வெச்சிட்டேன். ஏத்து கூலி வேணான்னுட்டான். பேசிப் பேசியே மனுசன அசத்திட்டேன்" என்றார்.

நான் கணக்கை அவருக்கு நிதானமாக விளக்கினேன். அவரும் நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா நீ ரேட்டு சொன்னப்போ எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. இவங்க எதச் சொன்னப்பவும் அப்பிடி ஆவல."

பில்லை மடித்து அவரிடமே கொடுத்தேன். அவர் சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் ஊரில் நடந்ததை எண்ணினால்தான் இன்னும் அதிர்ச்சியாக இருக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் காய் எடுக்கப் போகும்போது சமையல்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வோம். யார் இலைக்கு என்ன வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் பத்து ரூபாய் குறைத்தால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவோம், திட்டிவிட்டு நாங்களும் குறைப்போம். கேட்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். அவங்க இவ்ளோதானே வாங்குறாங்க என்று ஒரு வார்த்தையில் மடக்கிவிடுவார்கள். சமையல் சுமாராக இருக்கிறவர்கள் விலையைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுப்பை அணைத்தாக வேண்டும்.

அந்தக் கம்பெனி வந்த பிறகு ஒவ்வொருவராகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா காலத்திலிருந்தே கல்யாண பிரியாணி போடுகிறவர்கள். ஒரு கிலோ அரிசி பிரியாணிக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சாகப் பேசிவிடுவார், கடலே வற்றினாலும் மாற்ற மாட்டார். அவரிடம் மார்க்கெட்டில், "இப்ப என்ன ரேட்டு பாய்?" என்று கேட்டேன்.

"எதக் கேக்குறம்மா?" என்றார். "பிரியாணி மட்டுமா, வெங்காயப் பச்சடியோடவா? வெறகு உங்களுதா, என்னுதா? தம் போட ஆளு?"

"நீங்களுமா பாய்?"

"பிரிக்கலன்னா அடுத்த தரம் போனையே எடுக்க மாட்டேங்குறாங்கம்மா. நான் என்ன செய்ய?" என்று சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்த நாலைந்து பேரின் விலையை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, யார் மலிவு என்று பார்க்க உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒருவர் ஆளுக்குக் கூலி சொல்கிறார், ஒருவர் பந்திக்குச் சொல்கிறார். ஒருவர் தண்ணீரைச் சேர்த்து இலையை விட்டுவிடுகிறார், இலை தனியாம்! இருபது வருடத்துக்கு மேல் இதிலேயே கிடக்கிற என்னாலேயே முடியவில்லை என்றால், வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ கல்யாணம் செய்கிற மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த வருடம் வெங்காயமும் பருப்பும் விலை நன்றாக இறங்கின. முன்பு மாதிரி இருந்தால் இலை விலை தானாக இறங்கியிருக்கும். இப்போது யாரும் ஒரு ரூபாய்கூட இறக்கவில்லை. எதற்கு இறக்க வேண்டும்? இறக்கினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. சுமாராகச் சமைக்கிறவர்களும் நன்றாகவே பிழைத்தார்கள்.

ஒரே விலை சொன்னவள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். ஆவணியில் முகூர்த்தங்கள் குவிந்து கிடந்தன, எங்கள் ஷெட்டில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய் நறுக்க வருகிற பெண்கள், "அடுத்த வேல எப்பக்கா?" என்று போன் செய்தார்கள். எங்கள் தலைமைச் சமையல்காரரை அந்தக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. தை வரைக்கும் பார்க்கிறேன் என்று அவரே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் எங்கள் கடை மூடின மாதிரிதான்.

"நாமளும் பிரிச்சிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"முடியாது."

"ஏன் முடியாது?"

"இலைக்கு எவ்ளோன்னு கேட்டா, இலைக்கு எவ்ளோன்னு சொல்லணும். பாதிய சொல்லிட்டு மீதிய பந்தியில சொல்றதுக்கு எனக்கு வாய் வராது."

"நீ போனுக்கு ரீசார்ஜ் பண்றப்போ கூட்டியா பாக்குற? கண்ணுக்குக் கம்மியா தெரியறத அமுக்கிட்டுப் போற. அவங்க மட்டும் பாக்கணுமா?"

கோபத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

ஐப்பசியில் அக்கா போன் செய்தாள். சின்ன மகளுக்குத் தையில் கல்யாணம். "இந்த வாட்டி நீதான்டி செய்யணும். போன வாட்டி சாம்பாரு வாயில வெக்க முடியல" என்றாள். எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. அடுத்தபடியாக, "ஆனா ஒண்ணுடி. அவருக்குப் பிரிச்சிக் குடு. கொறைக்கிறதுக்கு நாலு இருந்தாத்தான் அவரு ஒத்துக்குவாரு" என்றாள்.

இதையும் விட்டால் சமையல்காரர் போய்விடுவார். பிரித்துக் கொடுத்தேன். இலைக்கு நூற்று எழுபது, மற்றதெல்லாம் தனித்தனி. ஆனால் ஒன்றில் கண்ணாக இருந்தேன்: எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் என் பழைய விலைதான் வரும், ஒரு ரூபாய்கூட ஏறாது. அப்படித்தான் போட்டேன். வேண்டாம் என்றதைக் கல்யாணத்தன்று சேர்த்தால் விலை சற்றுக் கூடுதல் என்று என் வீட்டுக்காரர் அடியில் ஒரு வரி சேர்த்தார். ஊரில் எல்லோரும் போடுகிறார்கள் என்றார். மாமா பேனாவை எடுத்துத் தண்ணீர் பாட்டிலை அடித்தார், ஆட்களில் பாதியை அடித்தார், பீடாவை அடித்தார், ஐஸ்கிரீமை அடித்தார். அடிக்க அடிக்க அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

தை முகூர்த்தம் வந்தது. இந்தச் சம்பந்தி சொல்தா வீட்டுக் குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வாரிசு. பாதிப் பேர் பிரான்சிலிருந்து வந்திறங்கியிருந்தார்கள். நான் சமையற்கட்டில் வத்தக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், பந்தியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சகல, சம்பந்திங்களுக்குப் பாட்டில் தண்ணி வெச்சிடலாமா? பிரான்சுக்காரங்க கொடத்துத் தண்ணி குடிக்க மாட்டாங்க."

"வைங்க, வைங்க."

"ஆளு பத்தாது போல இருக்கு. எறக்கட்டுமா?"

கேட்டது என் வீட்டுக்காரர். அதே நேரம், அதே கேள்வி, கேட்கிற தொனிகூட அதேதான். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் கரண்டியைத் தேடினேன்.

கடைசிப் பந்தி முடிவதற்குள் மனக்கணக்காகவே தெரிந்துவிட்டது. அடித்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது, கூடுதல் விலையில். என் பழைய விலையைத் தாண்டி நல்ல ஒரு தொகை நின்றது. பந்தி எடுத்ததுமே மாமா கணக்கையும் தீர்த்துவிட்டார். அக்காவைச் சமையற்கட்டுக்கு இழுத்து வந்து, இதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"அய்யய்யோ, அத மட்டும் செஞ்சிடாத. எதுக்குத் திருப்பிக் குடுக்குறன்னு கேப்பாரு. அப்ப மொதல்ல ஏமாத்தத்தான் பாத்தியான்னு கேப்பாரு. நாளைக்கு உன்கூட பேச்சே இருக்காது."

நியாயமாகத் திருப்பிக் கொடுத்தால் திருட்டு என்று ஆகுமாம். பிறகுதான் அந்த யோசனை வந்தது. கைகழுவிக்கொண்டு, மஞ்சள் கறைப் புடவையோடு நேரே மொய் எழுதுகிற மேஜைக்குப் போனேன். அந்தத் தொகை முழுவதையும் எங்கள் குடும்பத்தின் பேரில் மொய்யாக வைத்துவிட்டேன். அவர் பணம் அவருக்கே போய்விட்டது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, சட்டியிலிருந்து பாயசம் ஊற்றிக் குடித்தேன்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னால் வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாமா தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மொய் பாத்தேம்மா. என் கூடப் பொறந்தவங்ககூட இவ்ளோ வெக்கல" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன் பையன் கல்யாணம் வரட்டும். இதுக்கு மேல வெச்சி நான் செய்யலன்னா பாரு. என் தலைய அடமானம் வெச்சாவது செய்வேன்."

மொய் என்றால் எங்கள் பக்கம் வைத்ததற்கு மேல் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும், அதுதான் முறை. அவருடைய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போய், அந்தப் பணத்துக்கே அவரைக் கடனாளி ஆக்கிவிட்டேன். பென்ஷன் வாங்குகிற மனிதர் அதே தொகையை இன்னொரு முறை, அதற்கு மேலும் போட்டுத் தரப்போகிறார். வேண்டாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"அப்புறம் இன்னொண்ணும்மா" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வாட்டிதான் நீ ரேட்டு நியாயமா போட்ட. எங்க ஆபீசுல இருந்தவரு ஒருத்தரு பொண்ணுக்கு மாசியில கல்யாணம். உன் நம்பரக் குடுத்திருக்கேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் போன் அடித்தது. தெரியாத நம்பர். சமையல்காரர் அண்டாவை வண்டியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். காய் நறுக்குகிற பெண்களும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"வணக்கம்மா, கல்யாணச் சமையலுங்களா? இலைக்கு எவ்ளோங்க வருது?"

நான் வாயைத் திறந்தேன். முந்நூற்று இருபது நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"நூத்தி எழுவதுங்க" என்றேன்.